விளம்பர எழுத்து: எழுதுகிறவர்கள் யார், நாம் எவ்வாறு கற்பது?

1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' இதழ் பம்பாயிலிருந்து வெளிவந்தது. இதழின் வருகையை அறிவிக்கும் விளம்பரம் ஒன்றை வெளியிடுமாறு திலகரின் 'கேசரி' இதழைக் கேட்டபோது, கட்டணம் தருவதாகச் சொல்லியும் 'கேசரி' மறுத்துவிட்டது. செய்தியாகவோ தலையங்கமாகவோ வெளியிட மறுத்திருந்தால் அதைக் கருத்து வேறுபாடு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். காசு கொடுத்து எவரும் வாங்கக்கூடிய விளம்பர இடத்திலும் தீண்டப்படாதோரின் குரலுக்கு அனுமதியில்லை என்பதே அந்த மறுப்பின் பொருள். இந்நிகழ்வை இதழியல் வரலாற்றின் பகுதியாகவே நாம் நினைவுகூர்ந்து வருகிறோம். அது இந்திய விளம்பரத் துறையின் வரலாறும்கூட.

அப்போது அம்பேத்கர் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். இதழின் ஆசிரியராகப் பெயர் தாங்கியவர் பாண்டுரங் நந்தராம் பட்கர். பகலில் ஊதியப் பணி, அதற்கு வெளியே எழுத்துப் பணி என்னும் ஏற்பாடு நம்மிடையே இன்று நேற்றுத் தோன்றியதன்று.

இன்று விளம்பர இடத்தை எவரும் கைபேசி வழியே சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். ஆனால் பெரும் நிறுவனங்களின் விளம்பரச் சொற்களை எழுதும் மேசையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. 2023 ஜூன் மாதம் உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி சொமேட்டோ நிறுவனம் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. 'லகான்' திரைப்படத்தில் கச்ரா என்னும் தலித் பாத்திரமேற்ற நடிகரை, குப்பையிலிருந்து மறுசுழற்சி செய்யப்பட்ட விளக்கு முதலிய பொருள்களாக அது காட்டியது. கச்ரா என்றால் குப்பை. அந்தச் சொல் விளையாட்டே விளம்பரத்தின் 'கருத்து'. கண்டனம் எழுந்தது, தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், கொரோனா முடக்கத்தின்போது, மாவு பிசையும் இயந்திரம் ஒன்றை விற்க கென்ட் நிறுவனம் ஒரு விளம்பரம் செய்தது. வீட்டுப் பணிப்பெண் கையால் மாவு பிசைய விடுகிறீர்களா, அவர் கையில் தொற்று இருக்கலாமே என்பது அதன் உள்ளடக்கம். அதுவும் மன்னிப்புடன் திரும்பப் பெறப்பட்டது.

இவ்விரண்டையும் திட்டமிட்ட வன்மம் என்று நான் கருதவில்லை. எழுதியவர், திருத்தியவர், ஒப்புதல் தந்தவர், படமாக்கியவர் எனப் பல கைகளைக் கடந்து ஒரு விளம்பரம் வெளிவருகிறது. அத்தனை கைகளில் ஒன்றுக்கும் அது உறுத்தவில்லை. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கில் எடுத்துக்கொண்ட செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் ஒன்றுகூட இல்லை. அது செய்தித் துறைக்கான கணக்கு. விளம்பரத் துறையின் எழுத்துப் பிரிவு இதினும் மேம்பட்டது என்று நம்புவதற்கு அதன் விளம்பரங்கள் நமக்கு எந்தக் காரணத்தையும் தரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் மாணவர்களும் இளம் பணியாளர்களும் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை அணுக வேண்டியுள்ளது: இப்போது செய்யும் வேலையை விடாமல் காப்பிரைட்டிங் கற்றுக்கொள்ள முடியுமா, அது ஒரு தொழிலாகுமா? முடியும் என்பதே என் விடை. ஆனால் அதை விற்கிறவர்கள் சொல்லும் விதத்தில் அல்ல.

தொழில் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். தமிழில் எழுதும்போது காப்பிரைட்டும் காப்பிரைட்டிங்கும் ஒன்றுபோலத் தோன்றும். முன்னது காப்புரிமை, பின்னது விற்பனைக்காகவோ ஒரு செயலைத் தூண்டுவதற்காகவோ எழுதப்படும் வாசகம். தொலைக்காட்சி விளம்பரத்தின் முத்திரை வரி மட்டும் இதில் அடங்குவதன்று. இணையக் கடையில் ஒரு புடவையின் கீழே உள்ள விவரம், வங்கி அனுப்பும் மின்னஞ்சல், மருத்துவமனையின் துண்டறிக்கை, செயலியின் பொத்தானில் உள்ள இரண்டு சொற்கள், வானொலி விளம்பரத்தின் 20 வினாடி உரையாடல், நன்கொடை கேட்டு ஒரு தொண்டு நிறுவனம் எழுதும் கடிதம் என அனைத்தும் இத்தொழிலின் எல்லைக்குள் வருபவை.

இத்துறையின் பழைய பாடநூல்களுள் ஒன்று கிளாட் ஹாப்கின்ஸ் என்னும் அமெரிக்கர் 1923இல் எழுதிய 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்'. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விளம்பரம் என்பது அச்சில் நிகழும் விற்பனையாளரின் பேச்சு. ஆகவே அதை அழகால் அளக்காமல் விளைவால் அளக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஒரே பொருளுக்கு இரு தலைப்புகள் எழுதி, ஒவ்வொன்றிலும் வேறு குறியிட்ட கூப்பன் வைத்து, எந்தக் கூப்பன் அதிகம் திரும்பி வருகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். இன்றைய இணைய விளம்பரத்தில் இரு வடிவங்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் முறையின் மூதாதை அந்தக் கூப்பன்தான்.

விளைவால் அளக்கப்படும் வேலை என்பதில் நமக்கு ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது. இத்தொழிலுக்குப் பட்டம் கட்டாயமில்லை, உரிமம் இல்லை, நுழைவுத் தேர்வும் இல்லை. செய்து காட்டிய வேலைகளின் தொகுப்பையே, அதாவது போர்ட்ஃபோலியோவையே முதலில் கேட்கிறார்கள். ஆனால் இதைச் 'சாதியற்ற வாசல்' என்று மிகைப்படுத்தக் கூடாது. பெருநகர விளம்பர ஏஜென்சிகளுக்குள் நுழைய ஆங்கிலச் சரளமும், தெரிந்தவர் பரிந்துரையும், குறைந்த உதவித்தொகையில் சில மாதம் பயிற்சியாளராகத் தாக்குப்பிடிக்கும் குடும்ப வசதியும் வேண்டியிருக்கின்றன. வாடகையும் தம்பி தங்கையின் கல்விச் செலவும் தன் சம்பளத்தை நம்பியிருக்கும் ஒருவரால் மும்பையிலோ பெங்களூருவிலோ ஆறு மாதம் அவ்வாறு பணியாற்ற இயலாது. எனவேதான் பகல் வேலையைக் கைவிடாமல் கற்பது என்பது நமக்கு நிபந்தனையாகிறது.

அஞ்சல் அறையிலிருந்து

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. சிகாகோவைச் சேர்ந்த டாம் பர்ரல் என்னும் கறுப்பினத்தவர், 1960களின் தொடக்கத்தில் அந்நகரின் வேட் விளம்பர நிறுவனத்தில் கடிதங்களைப் பிரித்துக் கொடுக்கும் அஞ்சல் அறைப் பணியாளராகச் சேர்ந்தார். அன்று அந்நிறுவனத்தின் எழுத்துப் பிரிவில் கறுப்பினத்தவர் எவரும் இல்லை. அறை அறையாகக் கடிதம் கொண்டு செல்லும் வேலை, யார் என்ன செய்கிறார்கள் என்பதைக் காணும் வாய்ப்பாக அவருக்கு அமைந்தது. எழுத்துப் பிரிவின் தலைவரிடம் நேரடியாகச் சென்று தன்னால் பயன் உண்டு என்று பேசி, காப்பிரைட்டராக மாறினார். பிறகு வேறு சில பெரிய நிறுவனங்களில் பணியாற்றி, 1971இல் எம்மெட் மக்பெயின் என்பவருடன் சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். கோகோ கோலாவும் மெக்டொனால்ட்ஸும் அவருடைய வாடிக்கையாளர்கள் ஆயின.

பர்ரல் முன்வைத்த வாதம் எளிமையானது. வெள்ளையருக்காக எழுதிய விளம்பரத்தில் கறுப்பு முகங்களை மாற்றி ஒட்டினால் அது கறுப்பின மக்களுக்கான விளம்பரம் ஆகிவிடாது. அவர்கள் வாழ்க்கைக்குள்ளிருந்து எழுதத் தெரிந்தவர் எழுத வேண்டும். அதுவரை குறையாகக் கருதப்பட்ட தன் பிறப்பிடத்தை அவர் தொழில் அறிவாக மாற்றினார். இதில் கசப்பான பக்கமும் உண்டு. கறுப்பின மக்களிடம் மார்ல்போரோ சிகரெட்டைக் கொண்டு சேர்க்கும் விளம்பரங்களையும் அவர் நிறுவனமே செய்தது. ஒரு சமூகத்தின் மொழியை அறிந்திருப்பது அந்தச் சமூகத்துக்கு எதிராகவும் பயன்படும். தொழிலில் நுழைகிறவர் எந்தப் பொருளுக்கு எழுத மாட்டேன் என்பதைப் பணம் வருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. பணம் வந்த பிறகு அந்த முடிவை எடுப்பது கடினம்.

ஒரு பயிற்சி

விளக்குவதைவிடச் செய்து காட்டுவது எளிது. மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் பறை இசைக் குழுவுக்கு ஒரு துண்டறிக்கை எழுத வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் இப்படித் தொடங்குவர்:

"பாரம்பரியமிக்க பறை இசைக் குழு. அனைத்து விழாக்களுக்கும் சிறந்த முறையில் வாசிக்கப்படும். ஒருமுறை அழையுங்கள்!"

இதில் 'பறை' என்பதை எடுத்துவிட்டு 'பேண்டு வாத்தியம்' என்றோ 'நாதஸ்வரம்' என்றோ போட்டாலும் வாசகம் அப்படியே பொருந்தும். எவருக்கும் பொருந்தும் வாசகம் எவரையும் விற்காது. 'சிறந்த', 'பாரம்பரியமிக்க' ஆகிய சொற்களைப் படிப்பவர் கண் தாண்டிப் போய்விடும்.

எழுதுகிறவரின் வேலை எழுதுவதற்கு முன்பே, கேள்வியில் தொடங்குகிறது. குழுவில் எத்தனை பேர்? எவ்வளவு நேரம் வாசிப்பீர்கள்? அழைக்கிறவர்கள் யார்? தொலைபேசியில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? எந்த அழைப்பு உங்களுக்கு எரிச்சலூட்டுகிறது? இப்படிக் கேட்டால் தெரியவரும்: அழைக்கிறவர்கள் கல்லூரி விழாக் குழுவினரும் திருமண வீட்டாரும் இயக்கக் கூட்டம் நடத்துவோரும். கட்டணம் எவ்வளவு, நேரத்துக்கு வருவார்களா என்பவை அவர்களது ஐயங்கள். குழுவினரின் கவலை வேறு: பழைய ஊர்க் கடமையைப்போல நினைத்து அழைப்பது, கட்டணத்தைப் பேசாமல் வரச் சொல்வது, வாசித்து முடித்த பிறகு கையில் இருப்பதைக் கொடுப்பது. இரு தரப்புக் கவலைகளுக்கும் விடை சொல்லும் வாசகம் இப்படி அமையலாம்:

"மேடையில் பறை. எட்டுக் கலைஞர்கள், ஒரு மணி நேரம். கட்டணமும் பயணச் செலவும் தேதி உறுதியாகும் நாளிலேயே எழுத்தில் முடிவாகும். பாதித் தொகை முன்பணம். இறப்பு வீடுகளுக்கு வருவதில்லை. உங்கள் விழாத் தேதியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அன்று மாலைக்குள் பதில் வரும்."

புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கையும் நேரமும் நிபந்தனையும் இருக்கின்றன. கடைசி இரு வரிகள் படிப்பவர் செய்ய வேண்டிய ஒரே செயலைச் சொல்லி, அதைச் செய்தால் என்ன நிகழும் என்பதையும் சொல்கின்றன. 'இறப்பு வீடுகளுக்கு வருவதில்லை' என்பதால் சில வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். போகட்டும் என்பதே அந்த வரியின் நோக்கம். பிறப்பால் சுமத்தப்பட்ட ஊழியத்தை அது ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கலையாக மாற்றுகிறது. இறப்புச் சடங்கில் வாசிப்பதைத் தம் கலையின் மதிப்புமிக்க பகுதியாகக் கருதும் குழுக்களும் உண்டு. அவர்களுக்கு எழுதும்போது அந்த வரி இடம்பெறக் கூடாது. அம்முடிவு குழுவினருடையது, எழுதுகிறவருடையதன்று.

இந்தக் கேள்வி கேட்கும் திறனைப் பெரிய பள்ளிகளில் படித்தவர்களைவிட, பத்தாம் வகுப்பு முதலே ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்த நம் மாணவர்கள் நன்கு அறிவார்கள். வட்டாட்சியர் முதல் வரியிலேயே என்ன கேட்கிறோம் என்று புரிந்துகொள்ளும்படி ஒரு பட்டா மனுவை எழுதத் தெரிந்தவருக்கு இத்தொழிலின் பாதி தெரியும்.

வேலை முடிந்த பிறகு

காலையில் கிளம்பி, பேருந்தில் நின்றபடி பயணித்து, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு 'தினமும் நான்கு மணி நேரம் பயிலுங்கள்' என்ற அறிவுரையால் பயனில்லை. வீட்டு வேலையும் சேர்ந்த பெண்களுக்கு இன்னும் குறைவான நேரமே எஞ்சும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்பதே நடைமுறைக்கு உகந்தது. அவ்வாறு ஆறு மாதம் உழைத்தால் காட்டத்தக்க பத்து மாதிரிகள் கைவசம் இருக்கும் என்பது என் கணிப்பு.

தொடக்கத்தில் எழுத வேண்டாம், சேகரிக்க வேண்டும். பயணத்தில் கண்ணில் படும் விளம்பரங்களைக் கைபேசியில் படம் எடுத்து, இரவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இது யாரிடம் பேசுகிறது, அவருடைய எந்த அச்சத்தை அல்லது ஆசையைத் தொடுகிறது, என்ன செய்யச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று நான்கு வரி எழுதிப் பார்க்கலாம். நாலாவது கேள்வியில் நம் அரசியல் வாசிப்பு கைகொடுக்கும். வீடு வாடகைக்கு விடும் அறிவிப்பில் 'சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும்' என்ற மூன்று நான்கு சொற்கள் யாரை வெளியே நிறுத்துகின்றன என்று படிக்கத் தெரிந்தவர்கள் நாம்.

அடுத்து, இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தமிழுக்குக் கொண்டுவரப்பட்ட விளம்பரங்களைத் திருத்தி எழுதும் பயிற்சி. மும்பையில் எழுதப்பட்ட வரி தமிழில் வந்து விழும்போது எவ்வளவு செயற்கையாக ஒலிக்கிறது என்பது தொலைக்காட்சி பார்க்கும் அனைவருக்கும் தெரிந்ததே. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அதே விளைவைத் தமிழில் உண்டாக்கும்படி மறுபடி எழுதுவது தனிச் சேவையாகவே விலைபோகிறது. ஆங்கிலப் போட்டியில் பின்தங்கிவிடுவோமோ என்று தயங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இதுவே தக்க நுழைவாயில் என்று கருதுகிறேன். எழுதியதை வீட்டிலோ தெருவிலோ ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவர் எந்தச் சொல்லில் தடுக்குகிறாரோ அந்தச் சொல்லை மாற்ற வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல், சரக்கு விவரம் போன்ற மலிவான வேலைகள் இயந்திரத்திடம் சென்றுகொண்டிருக்கின்றன. இதை மறைத்து இத்தொழிலைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. 'சிறந்த, பாரம்பரியமிக்க' வகை வாசகத்தை இயந்திரம் நொடியில் எழுதிவிடும். பறைக் குழுவினரிடம் அமர்ந்து எந்த அழைப்பு எரிச்சலூட்டுகிறது என்று கேட்டு வருவதை அது செய்யாது.

முதலில் படிக்க வேண்டிய விளம்பரம்

இத்தொழிலைக் கற்றுத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களையே மாணவர் முதல் பாடமாகப் படிக்க வேண்டும் என்பேன். வீட்டிலிருந்தபடியே பெரும் வருமானம் என்னும் தலைப்பு. வங்கிக் கணக்கின் படம். அடித்துக் காட்டப்பட்ட பெரிய விலையும் அருகே சிறிய விலையும். இன்னும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று ஓடும் கடிகாரம். மலிவான முதல் வகுப்பு முடிந்ததும், உண்மையான பயிற்சிக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்கப்படும். தவணை வசதியும் காட்டப்படும். பல வேளைகளில் அந்தப் பயிற்றுநரின் வருமானம் விளம்பரம் எழுதுவதில் கிடைப்பதன்று, விளம்பரம் எழுதக் கற்றுத்தருவதாகச் சொல்வதில் கிடைப்பது.

இத்தகைய பொய் அவசரத்தைத் தடுக்க விதியே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டு நெறிகள், இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரம் அவற்றுள் ஒன்று. பயிற்சி நிறுவனங்களின் தவறான விளம்பரங்களுக்கென 2024 நவம்பரில் தனி நெறிமுறைகளும் வந்துள்ளன. கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் செலுத்த வேண்டாம். மாத வருமானம் இத்தனை என்று உறுதி தருகிற எவரையும் நம்ப வேண்டாம். இக்கட்டுரையும் அப்படி ஓர் எண்ணைத் தரப்போவதில்லை.

பணி விதிகளும் ஒப்பந்தமும்

அரசுப் பணியில் இருப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளும், மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். முன் அனுமதியின்றித் தனியார் தொழிலிலோ வேறு வேலையிலோ ஈடுபடுவதற்கு அங்கே தடை உள்ளது. எப்போதாவது செய்யும் இலக்கிய, கலைப் பணிக்கு மத்திய விதிகள் இடமளிக்கின்றன. கட்டணத்துக்கு எழுதும் விளம்பர வாசகத்தை இலக்கியப் பணி என்று வாதிட்டு வெல்லலாம் என்று எண்ணிவிட வேண்டாம். எழுத்துபூர்வ அனுமதி பெறும்வரை கற்பதோடும் மாதிரி எழுதுவதோடும் நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. தனியார் துறையிலும் பணி நியமனக் கடிதத்தில் இது குறித்த நிபந்தனை இருக்கும். 2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனம் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கூறி 300 பேரைப் பணிநீக்கம் செய்ததை அறிவோம். ஒரே விதிமீறலுக்கு ஒருவருக்கு எச்சரிக்கையும் இன்னொருவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் வரும் அலுவலகங்களில் நாம் பணியாற்றுகிறோம். தவறு தேடும் கண்களுக்குக் காரணம் தராதிருப்பது கோழைத்தனம் ஆகாது.

கட்டணம் பற்றிச் சற்றுக் கறாராகவே சொல்ல வேண்டும். 'இந்த முறை இலவசமாகச் செய்து கொடுங்கள், பெயர் வெளியே தெரியும்' என்பது இத்துறையின் பழகிய பேச்சு. பாதித் தொகை முன்பணம் பெறாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. வேலைத் திறனை அறிய ஒரு பத்தி எழுதச் சொன்னால் எழுதலாம். முழு இணையதளத்துக்கும் எழுதச் சொன்னால் அது தேர்வன்று, வேலை வாங்குவது. கூலியின்றி ஊர் வேலை செய்யப் பழக்கப்படுத்தப்பட்ட சமூகத்தின் பிள்ளைகளுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. நம் அமைப்புகளும் இதில் விதிவிலக்கல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். இயக்கத்துக்கு இலவசமாக எழுதுவது அவரவர் விருப்பம்; அதை அவரவரே முன்வந்து சொல்ல வேண்டுமே தவிர, பிறர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, ஊழியராகப் பணியின்போது எழுதியது முதலாளிக்கு உரியது. தனித்தொழில் செய்பவர் எழுதிய வாசகம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலில் எழுதியவருக்கே உரியது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். முழுத் தொகை வந்தபின் உரிமை மாறும் என்ற ஒரு வரியை விலைப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம்.

பெயர்

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தகுதியில் வேறுபாடில்லாத விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினர். தலித் பெயருடன் சென்ற விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு வந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய அம்பேத்கர் பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கியபோது, அவர் தீண்டப்படாதவர் என்று அறிந்ததும் வாடிக்கையாளர் வரத்து நின்றுபோனது. இணைய வழியே வேலை பெறுவதில் முகமும் ஊரும் உடனே தெரிவதில்லை என்பது ஒரு சிறு தற்காப்பு. ஆனால் தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னே சாதி இல்லாவிட்டாலும், 'நீங்க எந்த ஊரு, அதுல எந்தத் தெரு' என்ற கேள்வி இரண்டாவது தொலைபேசி உரையாடலிலேயே வந்துவிடுகிறது. விடை சொல்வதா, பேச்சை வேலைக்குத் திருப்புவதா என்பது அவரவர் முடிவு. இரண்டையும் செய்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், எதுவும் இழிவன்று.

இந்தக் கேள்வியே எழாத வாடிக்கையாளர்களும் உள்ளனர். 2005இல் தொடங்கப்பட்ட தலித் தொழில் வர்த்தகச் சபை, 2016இன் ஸ்டாண்டப் இந்தியா கடன் திட்டம், 35 விழுக்காடு மூலதன மானியம் தரும் தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஆகியவற்றின் வழியே பட்டியலினத் தொழில்முனைவோர் பலர் உருவாகியுள்ளனர். மத்திய அரசுத் துறைகள் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியலின, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்பது 2012 முதல் நடைமுறையில் உள்ள கொள்கை. இவர்களில் பலரிடம் தரமான பொருள் இருக்கும். அதை விவரிக்கும் ஒரு பக்கம் இருக்காது. அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்படுகிறது.

அப்போது பெயர் வைக்கும் வேலையும் வந்து சேரும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். 1907இல் அயோத்திதாசர் தம் இதழின் விலையையே பெயரில் வைத்து 'ஒரு பைசாத் தமிழன்' என்றார். வாங்குகிறவர் யார், அவர் கையில் எவ்வளவு இருக்கும் என்பதை ஒரே பெயரில் சொன்ன அந்தத் தலைப்பை எந்த விளம்பர வகுப்பிலும் பாடமாக வைக்கலாம். 2016இல் சந்திர பான் பிரசாத் மஞ்சளையும் மிளகாயையும் ஊறுகாயையும் 'தலித் ஃபுட்ஸ்' என்ற பெயரில் விற்கத் துணிந்தார். தொட்டால் தீட்டு எனப்பட்ட கைகளின் பெயரை உணவுப் பொட்டலத்தின் மேல் அச்சிட்ட முடிவு அது. மும்பையில் சுதீர் ராஜ்பர், வசையாக எறியப்பட்ட சாதிச் சொல்லையே எடுத்து, தாம் வடிவமைக்கும் பைகளுக்கு 'சமார் ஸ்டுடியோ' என்று பெயரிட்டார். அந்தப் பைகள் இன்று வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தோள்களிலும் தொங்குகின்றன.